முகாம் என்னும் சொல்லும் முகலாயரின் நகராக்களும்

மருத்துவ முகாம், அகதிகள் முகாம், நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்று தமிழில் நாள்தோறும் புழங்கும் சொல்லுக்குள் இசை ஒளிந்திருப்பதை யாரும் எளிதில் ஊகிக்க மாட்டார்கள். அரபியில் 'மகாம்' என்றால் நிற்கும் இடம். பாரசீகம் வழியாக இந்திய மொழிகளுக்கு வந்தபோது அது படை தங்கும் இடத்தையும் தங்கும் நாளையும் குறித்தது. முகலாய வரலாற்று நூல்களில் 'கூச்' என்பது புறப்பாடு, 'முகாம்' என்பது தங்கல். அதே மகாம் அரபு, பாரசீக இசை மரபுகளில் பண்ணையும் குறிக்கிறது. காஷ்மீரத்துச் சூஃபியானா இசையில் இன்றும் பண்ணுக்கு மகாம் என்றே பெயர். உய்குர் மக்களின் பெரும் இசைத் தொகுதிக்கும் முகாம் என்பதே பெயர். குரல் நிலைகொள்ளும் இடமும் படை நிலைகொள்ளும் இடமும் ஒரே வேரில் கிளைத்தவை.

சொல்லொற்றுமையை வைத்து வரலாறு எழுதுவது ஆபத்தான வேலை. ஆனால் முகலாயரின் பாசறையைப் பொறுத்தவரை, அதிலிருந்து இசைக்கருவிகளைப் பிரித்துப் பார்ப்பதற்குச் சான்றுகளே இடம் தருவதில்லை. பேரரசர் பயணம் புறப்பட்டால் நக்காரா கானா, அதாவது பெருமுரசுகளின் கூடம், உடன் சென்றது. பொழுதுபோக்குக்காக எடுத்துச் சென்ற சுமையன்று அது. சமையற்கூடமும் கருவூலமும் ஆவணச் சாலையும் எப்படி இன்றியமையாதவையோ, அப்படியே அதுவும்.

அபுல் ஃபசலின் அயினி அக்பரி பாசறைக்குத் தேவையானவற்றைக் கணக்கிட்டுச் சொல்கிறது: 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள், 100 சுமையாட்கள். கூடாரம் அடிக்கும் ஃபராஷ்கள் மட்டும் 1000 பேர். பாதை செப்பனிட 500 பேர், தண்ணீர் சுமக்க 100 பேர், பெருக்கித் துப்புரவு செய்ய 150 பேர். கூடாரங்கள் இரட்டைத் தொகுதிகளாக இருந்தன. பேரரசர் ஒன்றில் தங்கியிருக்கும்போதே மற்றொன்று அடுத்த தங்குமிடத்துக்கு முன்கூட்டிப் போய்விடும். 1664 இறுதியில் அவுரங்கசீப்புடன் தில்லியிலிருந்து லாகூர் வழியாகக் காஷ்மீருக்குப் பயணப்பட்ட பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே இந்த முன்செல்லும் தொகுதியைப் 'பேஷ்கானா' என்று குறிப்பிட்டு, அதைச் சுமக்க 60 யானைகளுக்கு மேல் வேண்டியிருந்தது என்கிறார். ஆகவே பேரரசர் வந்து சேரும்போது ஊர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருக்கும்: அதே தெருக்கள், அதே கடைவீதி, அதே வாயில், வாயிலருகே அதே முரசுக்கூடம்.

முரசுக்கூடத்தில் இருந்த கருவிகளையும் அயினி அக்பரி எண்ணிச் சொல்கிறது. கூவர்கா அல்லது தமாமா எனப்படும் ஆழ்ந்த ஒலியுடைய பெருமுரசு ஏறக்குறைய 18 இணை. நகரா சுமார் 20 இணை. துஹுல் என்னும் இருமுகப் பறை 4. பொன், வெள்ளி, பித்தளை முதலியவற்றால் செய்த கர்னா என்னும் நெடிய எக்காளம்; நான்குக்குக் குறையாமல் ஊதுவார்கள். நாகசுரத்துக்கும் ஷெனாய்க்கும் உறவான சுர்னா ஒன்பது சேர்ந்து ஒலிக்கும். இவற்றோடு நஃபீர் எனும் ஊதுகுழல்கள், மாட்டுக்கொம்பு வடிவில் பித்தளையால் செய்த சிங் இரண்டு, தாளங்கள் மூன்று இணை. 'ஏறக்குறைய' என்று அபுல் ஃபசல் தயங்குவது தோலால் ஆன கருவிகளிடத்தில் மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. மழையிலும் பனியிலும் தோல் தளரும். வெயிலிலோ நெருப்பிலோ காய்ச்சித்தான் மீண்டும் முறுக்கேற்ற வேண்டும்.

இத்தனை கருவிகள் எதற்கு? முதற் காரணம் பொழுது. 'நௌபத்' என்ற அரபுச் சொல்லுக்கு 'முறை', 'தடவை' என்று பொருள். முறை வைத்து வாசிப்பதால் அந்தப் பெயர். முன்பு இரவு தொடங்கவும் பொழுது விடியவும் நான்கு கடிக்கு முன்னர் வாசித்தார்கள். அக்பர் அதை மாற்றி, சூரியன் மேலேறத் தொடங்கும் நள்ளிரவிலும் வைகறையிலும் வாசிக்கச் செய்தார் என்கிறது அயினி அக்பரி. கதிரவனை அவர் போற்றியது பாசறையின் கடிகாரத்தையே மாற்றிவிட்டது. ஒரு கடி தமிழ் நாழிகையைப் போலவே 24 நிமிடம். ஞாயிறு எழ ஒரு கடி இருக்கும்போது சுர்னா தொடங்கித் தூங்குவோரை எழுப்பும். எழுந்து ஒரு கடி கழிந்தபின் கூவர்கா மெல்ல அதிரும்; கர்னாவும் நஃபீரும் பிற கருவிகளும் சேரும்; நகரா மட்டும் காத்திருக்கும். சிறு இடைவெளிக்குப்பின் சுர்னாக்கள் மீண்டும் ஊத, நஃபீர் காலப் பிரமாணம் காட்டும். கடைசியில்தான் நகரா முழங்கத் தொடங்கும். பல்லாயிரம் பேர் வாழும் இடத்தில், ஒவ்வொரு சில நாளுக்கும் நிலப்பரப்பே மாறிவிடும்போது, மாறாமல் இருந்தது இந்த ஒலிவரிசைதான். நேற்றுப் பார்த்த ஆறும் மரமும் இன்று இல்லை. எழுப்பும் சுர்னா நேற்றுப் போலவே ஒலிக்கிறது.

இரண்டாவது காரணம் திசை. இரவில் வழி தவறியவர்களுக்காக 40 கஜத்துக்கும் உயரமான கம்பத்தை 16 கயிறுகளால் இழுத்துக் கட்டி, உச்சியில் 'ஆகாச தீவா' என்னும் விளக்கை ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான அடுப்புகளின் புகை பாசறைமேல் கவிந்து எதுவும் தெரியாமற்போவதைப் பெர்னியே விரிவாக எழுதியிருக்கிறார். அவ்வாறான இரவில் அரச வாயிலின் முரசொலிக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை உணர்வது கடினமன்று. காவலர்கள் நெருப்பு மூட்டிக்கொண்டு 'கபர்தார்' என்று கூவியதையும் அவர் பதிவுசெய்கிறார். அந்தக் கூவலும் பிற்காலத்தில் தமிழ்ப் பேச்சில் குடியேறிவிட்ட சொல்தான்.

பெர்னியேயின் காதுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தில்லிக்கு வந்த புதிதில் இந்த முரசும் எக்காளமும் அவருக்குத் தாங்க முடியாத இரைச்சலாக இருந்தன. சில ஆண்டுகள் கழித்து, இரவில் மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது தொலைவிலிருந்து வரும் அதே ஓசை கம்பீரமாகவும் இனிமையாகவும் படுகிறது என்று அவரே எழுதுகிறார். ஐரோப்பியப் பயணிகள் இந்திய இசையைப் பற்றி எழுதியவற்றை ஏளனத்துக்குச் சான்றாக மட்டும் மேற்கோள் காட்டும் பழக்கம் உண்டு. இந்த மனமாற்றத்தை அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. அது அருகில் நின்று கேட்பதற்கான இசையன்று, தொலைவுக்கென அமைக்கப்பட்டது என்பதையும் அவர் தம்மையறியாமல் சொல்லிவிடுகிறார்.

மூன்றாவது காரணம் ஆட்சியுரிமை. இங்கேதான் உயிரும் மானமும் பணயமாயின. முரசு முழக்கும் உரிமை பேரரசருக்கு உரியது. அதை அவர் பிரபுக்களுக்கு வழங்கலாம். 2000 குதிரைவீரர் தகுதிக்குக் கீழ்ப்பட்டவருக்கு அது கிடைப்பதில்லை என்று முகலாயப் படையைப் பற்றி 1903இல் நூல் எழுதிய வில்லியம் இர்வின் குறிப்பிடுகிறார். கிடைத்தாலும் நிபந்தனை உண்டு: பேரரசர் இருக்கும் இடத்திலும் அதைச் சுற்றிய குறிப்பிட்ட எல்லைக்குள்ளும் முழக்கக் கூடாது. ஆக, ஒரு பாசறையில் எந்த முரசு ஒலிக்கிறது, எது மௌனமாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டே அங்கே யார் இருக்கிறார் என்று அறிந்துவிடலாம்.

அனுமதி பெறாமல் முரசு செய்வது அரசியல் அறிவிப்பாகவே கொள்ளப்பட்டது. குரு கோவிந்த் சிங் ஆனந்தபூரில் 'ரஞ்சித் நகாரா' என்னும் பெருமுரசைச் செய்வித்தபோது, அண்டை மலைநாடான கஹ்லூரின் அரசர் பீம் சந்த் அதைத் தம் அதிகாரத்துக்கு விடுக்கப்பட்ட அறைகூவலாகவே எடுத்துக்கொண்டார் என்று சீக்கிய மரபு சொல்கிறது. வேட்டைக்குப் போகும்போது ஒரு முரசு ஒலிப்பதில் என்ன இருக்கிறது என்று இன்றைய வாசகருக்குத் தோன்றலாம். அந்தக் காலத்துக் காதுக்கு அது கொடி நாட்டியதற்குச் சமம். நிஹங் சீக்கியர்கள் குதிரைமேல் நகாரா கட்டி ஹோலா மொஹல்லா ஊர்வலத்தில் முழக்குவது இன்றும் தொடர்கிறது.

அவுரங்கசீப் இசையைப் புதைத்துவிட்டார் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். இசைவாணர்கள் பாடை தூக்கி வர, 'மீண்டும் எழாதபடி ஆழமாகப் புதையுங்கள்' என்று அவர் சொன்னதாக மனூச்சியும் காஃபி கானும் எழுதினார்கள். கேத்தரின் பட்லர் பிரவுன் 2007இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கதையின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கியது. 1660களின் இறுதியில் பேரரசர் தாம் இசை கேட்பதைக் கைவிட்டார். நாடு முழுவதும் இசை ஒடுங்கவில்லை. ஃபகீருல்லாவின் ராக தர்ப்பணமும், கலாவந்த் மரபைச் சேர்ந்த ரஸ் பரஸ் கான் 1698இல் எழுதிய ஷம்சுல் அஸ்வாத்தும் அந்த ஆட்சியிலேயே எழுந்த இசைநூல்கள். இதே வாதத்துக்குப் பாசறையின் பக்கத்திலிருந்தும் வலுச் சேர்க்கலாம். 1681இல் அஜ்மீரிலிருந்து தக்காணம் நோக்கிப் புறப்பட்ட அவுரங்கசீப் 1707இல் அகமதுநகரில் இறக்கும்வரை தில்லிக்குத் திரும்பவே இல்லை. கால் நூற்றாண்டு ஆட்சி பெரும்பாலும் கூடாரங்களிலிருந்தே நடந்தது. அரண்மனைப் பாடகர்களை விலக்கிய அவர் அரச முரசுக்கூடத்தை விலக்கவில்லை. 1689இல் சிறைப்பட்ட சம்பாஜி பகதூர்கட் முகாமுக்குள் இழிவு செய்யப்பட்டுக் கொண்டுவரப்பட்டபோது முரசுகளும் எக்காளங்களும் முழங்கின.

அப்படியானால் 'இசை' என்ற சொல் அந்த ஆவணங்களில் எதைச் சுட்டுகிறது? நௌபத்தில் தாளம் உண்டு, மெட்டு உண்டு. அக்பர் 200க்கும் மேற்பட்ட மெட்டுகளை அமைத்ததாகவும் நகரா வாசிப்பதில் தேர்ந்தவரென்றும் அபுல் ஃபசல் புகழ்கிறார். ஆயினும் அவர் நக்காரா கானாவை இசைவாணர் பகுதியில் வைக்கவில்லை. குடை, கொடி, அரியணை முதலிய அரச சின்னங்களோடு வைத்தார். தடை பற்றிய விவாதத்தில் இந்த வகைப்பாட்டைப் பொருட்படுத்தாதவர்கள், ஒரே ஆட்சி ஒன்றை விலக்கி மற்றொன்றை நாள்தோறும் முழக்கியதை முரண்பாடு என்றே எண்ணுவார்கள். அக்கால வழக்கில் அதில் முரண் ஏதும் இல்லை.

வகைப்பாட்டின் விலையை வாசித்தவர்களே கொடுத்தார்கள். அயினி அக்பரியின் இசைவாணர் பட்டியல் குவாலியர் மியான் தான்சேனில் தொடங்குகிறது. அதில் பெரும்பாலோர் பாடகர்கள், பீன், தம்பூரா, கிச்சக் வாசிப்பவர்கள். முரசறைந்தவர்கள் அரச சின்னங்களின் பகுதியில் சம்பளமாக மட்டும் தோன்றுகிறார்கள்: அத்துறையின் காலாட்களுக்கு மாதம் 340 தாமுக்கு மேற்படாமலும் 74 தாமுக்குக் குறையாமலும். 40 தாம் ஒரு ரூபாய். பாசறையில் கூடாரம் அடித்தவர், தண்ணீர் சுமந்தவர், பெருக்கியவர் ஆகியோருக்கு அதே நூல் சொல்லும் கீழெல்லை 130 தாம். பேரரசின் இறைமையை நள்ளிரவில் எழுந்து ஒலித்தவர்களில் கடைநிலையில் இருந்தவர், அந்த முற்றத்தைப் பெருக்கியவரைவிடக் குறைவாகப் பெற்றிருக்கிறார். 20 இணை நகராவின் எண்ணிக்கை நூலில் தவறாமல் இருக்கிறது. அவற்றை அறைந்தவர்களின் பெயர்கள் இல்லை. சில நூற்றாண்டுகள் கழித்துப் பீகாரின் தும்ராவோன் சமஸ்தானத்து நக்காரா கானாவில் பணியாற்றிய ஒரு குடும்பத்தில் பிஸ்மில்லா கான் பிறந்தபிறகுதான், அந்தக் கூடத்துக் குழலிசையை வாசித்த ஒருவரின் பெயரை நாடு முழுவதும் அறிந்துகொண்டது.