ஆயுதமில்லாமல் வந்தவர்கள்

2002 பெப்ரவரி 22இல் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன் பிறகு மட்டக்களப்புக்கு வந்த கண்காணிப்பாளர்களோடு மொழிபெயர்ப்பாளனாக ஊர் ஊராகப் போனவன் நான். நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து என்று ஐந்து நாட்டவர். கையில் ஆயுதமில்லை, உடம்பில் சீருடையில்லை. பிள்ளையை இயக்கம் கொண்டுபோய்விட்டது என்று முறைப்பாட்டோடு வரும் தாய்மார் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "துரைக்கிட்ட நல்லா வெளங்கச் சொல்லுங்க மனே." இந்தத் துரைமாரைத் தெரிந்தெடுத்தது யார், இந்த வேலைக்குப் பழக்கியது யார் என்று அறியும் ஆசை எனக்கு அங்கேதான் தொடங்கியது.

இந்தத் தொழிலுக்கு வயது அதிகமில்லை. போர் ஓய்ந்த நாட்டுக்கு வெளியாரை அனுப்புவதென்றால், நெடுங்காலமாக அது பெரும்பாலும் படையினரின் வேலை. நோர்வே கொஞ்சம் முந்திக்கொண்டது. அங்கே அகதிகள் சபை 1991இல் ஓர் ஆயத்தப் பட்டியல் வைத்தது. 1993இல் மனித உரிமை, தேர்தல், நீதித்துறை தெரிந்தவர்களுக்கென்று 'நோர்டெம்' வந்தது. பட்டியலில் உள்ளவர் தன் ஊரில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அழைப்பு வந்தால் சில மாத ஒப்பந்தத்தில் புறப்படுவார். எளிய ஏற்பாடுதான். ஆனால் நெருக்கடி வந்த பிறகு ஆள் தேடும் அவதி அதில் இல்லை.

அந்த அவதியை ஐரோப்பா கொசோவோவில் பட்டது. 1998 ஒக்டோபரில், ஆயுதமற்ற 2,000 சரிபார்ப்பாளர்களை அனுப்புவதாக ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு ஏற்றுக்கொண்டது. அத்தனை பேருக்கு எங்கே போவது? பல நாடுகளிடம் பெயர்ப்பட்டியலே இல்லை. 1999 மார்ச்சில் எல்லோரையும் வெளியே எடுத்தபோதும் அந்த எண்ணிக்கை நிறைந்திருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில், அந்த அமைப்பின் இஸ்தான்புல் மாநாட்டில், நிபுணர்களை விரைந்து அனுப்புவதற்கான ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. 2000 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் 5,000 பொலிசாரை ஆயத்தமாக வைத்திருப்பதென்று இலக்கு வைத்தது. 2002இல் ஜேர்மனி, இப்படிப் போகிறவர்களைத் தெரிந்தெடுத்துப் பழக்க, பேர்லினில் 'சிஃப்' என்ற மையத்தைத் திறந்தது. அதே ஆண்டு சுவீடன், 1948இல் ஜெருசலேமில் கொல்லப்பட்ட சமாதானத் தூதர் போல்க் பேர்னடொட்டின் பெயரில் ஒரு கழகம் அமைத்தது. பின்லாந்தின் மையம் 2007இல் குவோப்பியோவில் எழுந்தது. ஆக, எங்கள் நாட்டுக்குக் கண்காணிப்பாளர்கள் வந்த காலத்தில்தான் இந்தப் பள்ளிகளில் பல பிறந்துகொண்டிருந்தன. வந்தவர்களில் பலர் படையிலும் பொலிசிலும் இருந்தவர்கள். முதல் தலைவர் துறோண்ட் புறுஹூவ்ட, லெபனானில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல்.

ஒஸ்ரியாவில் ஸ்டாட்ஷ்லைனிங் என்ற சிற்றூரில் 1993 முதல் இத்தகைய பயிற்சி நடக்கிறது. இந்த மாதிரிப் பள்ளிகளில் பழக்குவது என்ன? சோதனைச்சாவடியில் துவக்கை நீட்டுபவன் முன் கையை எங்கே வைப்பது, கண்ணிவெடி நிலத்தில் வந்த தடத்திலேயே எப்படித் திரும்புவது, இரத்தத்தை எப்படிக் கட்டுவது, பணயமாகப் பிடிபட்டால் எப்படி இருப்பது. எல்லாவற்றையும் நடித்துக் காட்டிப் பழக்குகிறார்கள். இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், உயிர் காக்கும் கல்வி அது. ஆனால் இரண்டு கிழமைப் பயிற்சியில் ஓர் ஊரின் ஆபத்துதான் தெரியும், ஊர் தெரியாது. எந்த வீதியின் இந்தப் பக்கம் தமிழ்க் கிராமம், அந்தப் பக்கம் முஸ்லிம் கிராமம், எந்த வயலில் யார் எந்த ஆண்டு கடைசியாக விதைத்தார்கள், இதெல்லாம் உள்ளூர் ஆட்களின் வாய்வழியாகத்தான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும், ஒன்றிய நாட்டவர் கண்காணிப்பில் இருக்கக்கூடாது என்று புலிகள் சொல்ல, சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர் வெளியேற நேர்ந்தது. எஞ்சிய நோர்வேயரும் ஐஸ்லாந்தரும் 2008 ஜனவரியில் பணியை முடித்தார்கள்.

இதற்கிடையில் இந்தோனேசியாவின் அச்சேயில் வேறுவிதமாகச் செய்து பார்த்தார்கள். ஹெல்சிங்கியில் பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அத்திசாரி நடத்திய சமாதானப் பேச்சு 2005 ஓகஸ்ட் 15இல் உடன்படிக்கையானது. அடுத்த மாதமே கண்காணிப்புக் குழு இறங்கியது. 226 பேரில் 96 பேர் ஆசியான் நாட்டவர். அவர்களில் மலேசியரும் புருணைக்காரரும் கிராமத்தவரோடு நேரே பேசக்கூடியவர்கள். எங்களுக்கு அப்படி ஓர் அயலார் வாய்த்திருக்க முடியாது. 1987 முதல் 1990 வரை இந்தியப் படை இங்கே இருந்த காலத்தின் காயம் ஆறியிருக்கவில்லை. அப்படியென்றால் வருகிறவர்களுக்கு மொழியைப் படிப்பித்திருக்கவேண்டும். ஒஸ்லோவிலேயே ஆயிரக்கணக்கான தமிழர் இருந்தார்கள்.