மடத்தின் உள்ளிருந்து ஒரு வாசிப்பு

சாசரின் கான்டர்பரி கதைகளில் வரும் கன்னியர் மடத்துத் தலைவியை, உலகப்பற்று விடாத துறவியாகவே விமர்சகர் பலர் வாசித்துவந்தனர். 1925-இல் அவ்வாசிப்பை மறுத்து நூலெழுதியவர் தாமே ஒரு கத்தோலிக்கத் துறவி: அமெரிக்கத் திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த சகோதரி மேடலீவா. மடத்து ஒழுங்கை அன்றாடம் வாழ்ந்த அவருக்கு, பிறர் கேலியென்று கண்ட நுணுக்கங்கள் பலவும் மடத்தின் இயல்பான வழக்கங்களாகத் தெரிந்தன.

கவிஞராகவும் அறியப்பட்ட மேடலீவா, அதே ஆண்டில் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றார். 1934 முதல் 1961 வரை இண்டியானா மாநிலத்துச் செயின்ட் மேரிஸ் மகளிர் கல்லூரியின் தலைவராக விளங்கினார். பள்ளிகளில் மறைக்கல்வி கற்பிக்கும் சுமை அந்நாளில் பெரிதும் கன்னியர் தோளில் இருந்தது. ஆயினும் இறையியலில் உயர்பட்டம் பெற அந்நாட்டுக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் அவர்களுக்கு இடமில்லை. மேடலீவா கேட்டுப் பார்த்தார், பயனில்லை. 1943-இல் தம் கல்லூரியிலேயே பெண்களுக்கான இறையியல் மேற்படிப்பைத் தொடங்கினார். முனைவர் பட்டம் வரை அங்கே கற்க முடிந்தது.

இவ்விரு பணிகளையும் நாம் ஒன்றாகவே வைத்துப் பார்க்க வேண்டும். பெண்துறவியைப் பற்றிப் பிறர் எழுதியதை உள்ளிருந்து திருத்தியவர், தாம் போதிக்கும் சமயத்தைக் கன்னியர் தாமே ஆராய்ந்து பேசவும் வழி செய்தார். 1964-இல் அவர் மறைந்தார். பிற பல்கலைக்கழகங்கள் பெண்களை ஏற்கத் தொடங்கியபின் அவ்விறையியல் பள்ளி மூடப்பட்டது. அதனை அவருடைய வெற்றிக் கணக்கில் சேர்ப்பதே முறை.