பக்குவமும் ஆசிரியர் நெறியும்

தலைவன் ஒருவன் தன்னைத் தொடர்வார் யாவரையும் ஒருபெற்றியே நடத்தல் அமையுமோ என்னும் வினாவுக்குச் சைவசித்தாந்தம் பண்டே விடை வகுத்துள்ளது. சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும். சரியை முதலிய நாற்பாதங்களும், நயனம் முதல் ஔத்திரி ஈறாகிய தீக்கை வகைகளும் உயிர்களின் பக்குவ வேறுபாடு நோக்கியே கூறப்பட்டன. இக்கொள்கை செயலில் நின்றவாற்றைப் பெரியார் இருவர் வரலாற்றால் ஆராய்வாம்.

திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 1785-ஆம் ஆண்டிற் சிவபதமெய்தியவர். பன்னிரு சூத்திரங்களாலாகிய சிவஞானபோதத்துக்கு அவர் சிற்றுரை, மாபாடியம் என இரண்டு உரை கண்டார். ஒரு நூலுக்கு ஒருவரே ஈருரை செய்தல் மிகையன்றோ எனின், அன்று. நூற்பொருளைச் சுருங்க உணர வேண்டுவார்க்கு முன்னது; ஆகமமும் தருக்கமும் பயின்று, தடைவிடைகளால் ஐயமறத் தெளிய வல்லார்க்குப் பின்னது. பொருள் ஒன்றே, கொள்வாருடைய ஆற்றலே வேறு.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) காலத்திலே பாதிரிமார் பள்ளிகள் அந்நாட்டிற் பெருகின. சைவச் சிறார்க்கோ தம் சமயத்தை எளிதிற் கற்கும் வாயில் அரிதாயிற்று. நாவலர் 1847-ஆம் ஆண்டிறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். 1848-இல் அவ்வூரிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சிறார்க்குப் பாலபாடமும், சமயங்கற்கப் புகுவார்க்குச் சைவவினாவிடையும், செய்யுட் பயிற்சியில்லார்க்கு 1852-இற் பெரியபுராண வசனமும், புலவர்க்குத் திருத்தமான உரைப்பதிப்புக்களும் அளித்தார். எழுத்தறியாதாரும் பிரசங்கத்தாற் பயனெய்தினர்.

அற்றேல், தகுதி நோக்குதல் பொருளை மறைத்தற்கு ஏதுவாகாதோ எனின், ஆதலும் உண்டு. மாபாடியம் நெடுங்காலம் ஆதீனத்துள்ளேயே போற்றப்பட்டு, இருபதாம் நூற்றாண்டிலேதான் முழுதும் அச்சேறிற்று. பக்குவமிலாரென ஒருவரை விலக்குதல் வேறு. பக்குவப்படுத்தி மேலேற்றுதல் வேறு. முன்னது கதவடைத்தல்; பின்னது படியமைத்தல். சிற்றுரையைக் கற்றான் மாபாடியத்தை நோக்கிச் செல்லும் வழி திறந்திருத்தல் வேண்டும். அவ்வழி அடைபடின் சிற்றுரையும் தன் பயனை முற்றத் தாராது.

இஃது இக்காலத்தும் வேண்டற்பாலதே. குன்றின்மேற் சந்திரசூடேசுவரர் எழுந்தருளியுள்ள ஓசூரையும், அதனையடுத்த சானமாவு முதலிய ஊர்களையும் நோக்குக. ஆண்டுத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் விரவி வழங்குகின்றன. உழவரும், பல நாட்டினின்றும் போந்த ஆலைத் தொழிலாளரும் வாழ்கின்றனர். அத்தகைய இடத்திற் சித்தாந்தம் உணர்த்தப் புகுவார், முதனாளிலேயே மாபாடியத்தை விரிப்பரேல் கேட்போர் எழுந்து போவர். எஞ்ஞான்றும் கதையே கூறிக் கழிப்பரேல் இருந்தோர் இருந்த நிலையிலேயே நிற்பர். கேட்போர் அறிந்த மொழியிலே வினாவிடையால் தொடங்கி, மாணாக்கன் வினாவ ஆசிரியன் விடுக்கும் முறையில் அமைந்த உண்மைவிளக்கத்தைப் பின்னர்க் கற்பித்து, வல்லாரைச் சிவஞானபோதத்துட் புகுத்துதலே முறை. மாணாக்கன் நின்ற இடத்துக்குத் தான் இறங்கிச் சென்று, அவனை அவ்விடத்தே விடாது உடன்கொண்டு ஏறுவானே ஆசிரியன் என்க.

திருச்சிற்றம்பலம்.