பனஞ்சாராயம் (மன்னார்த் தீவும் கரையோரமும்)

திராட்சை வைனை வடித்தால் பிராந்தி; பனங்கள்ளை வடித்தால் பனஞ்சாராயம். மூலப்பொருள் வேறானாலும் வடிக்கும் கலை ஒன்றே. தலைமன்னார், பேசாலைப் பக்கத்து மணலும் உப்புக்காற்றும் திராட்சைக் கொடிக்கு ஒவ்வாதவை. பனை அவற்றைத் தாங்கி நிற்கும். வடகீழ்ப் பருவமழை சில மாதம் பெய்து ஓய்ந்தபின் நீளும் வறட்சியிலும் அது சாறு தரும்.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கள் இறக்குவோரைச் சீவல் தொழிலாளர் என்பர். தளைநார் மாட்டி மரமேறி, பாளையைப் பதப்படுத்தி, காலையும் மாலையும் அதன் நுனியை மெல்லியதாகச் சீவி முட்டி கட்டுவார்கள். உட்புறம் சுண்ணாம்பு தடவிய முட்டியில் சேர்வது இனிப்பான கருப்பணி. தடவாத முட்டியில் சேரும் சாறு காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்களால் மரத்திலேயே புளிக்கத் தொடங்கிக் கள்ளாகிறது. சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை இருப்பதால் சில மணி நேரத்திலேயே அது ஏறக்குறைய 5 வீத மதுசாரமாக மாறிவிடும். அதோடு நிற்பதுமில்லை. அடுத்து அசற்றிக் அமில பற்றீரியா வேலையைத் தொடங்கும். ஓரிரு நாளில் கள் காடியாகும்.

இந்த அவசரந்தான் பனஞ்சாராயத் தொழிலின் முதன்மையான இயல்பு. பிரான்ஸின் கொனியாக் வட்டாரத்தில் இலையுதிர் காலத்து வைனை மார்ச் 31 வரை வடிக்கச் சட்டம் இடந்தருகிறது. கள்ளுக்கு அந்தச் சலுகை இல்லை. பனந்தோப்புக்கு அருகிலேயே வடிசாலை இருந்தாக வேண்டும்.

மதுசாரம் 78 பாகை செல்சியசிலும் தண்ணீர் 100 பாகையிலும் கொதிக்கின்றன. கள்ளை மெதுவாகச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிரவைத்தால் மதுசாரம் செறிந்து வடியும். முதலில் வருவது கடுநெடியுடைய பகுதி, கடைசியில் வருவது கனத்த எண்ணெய்ச் சுவை. இரண்டையும் ஒதுக்கி நடுப்பகுதியைப் பிடிப்பதில்தான் வடிப்பவரின் திறமை தெரியும். கந்தக நெடியை ஈர்த்துக்கொள்ளும் செப்புக்கலம் சிறிய வடிசாலைக்கு உகந்தது. கொனியாக்கை ஓக் பீப்பாயில் வைப்பதுபோல, இலங்கைச் சாராயத்தைத் திருகோணமலை மரம் என்று பெயர்பெற்ற ஹல்மில்லப் பீப்பாயிலும் முதிரவைப்பதுண்டு.

சட்டமும் சந்தையும் சீவல் தொழிலாளர் பக்கம் நின்றதில்லை. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றி வடிப்பதைத் தடைசெய்கிறது. ஏலத்தில் தவறணை எடுத்த குத்தகைக்காரர்கள் நீண்டகாலம் கள்ளின் விலையைத் தீர்மானித்தார்கள். 1970களில் உருவான பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் அந்தப் பிடியைத் தளர்த்தின. உயிரைப் பணயம் வைத்து ஏறுபவருக்கு விலையில் ஒரு குரல் கிடைத்தது, இத்தொழிலின் வரலாற்றில் எந்தப் பீப்பாயையும்விடப் பெரிய விடயம். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. வடமராட்சியில் கூட்டுறவாளர் உழைப்பில் எழுந்த திக்கம் வடிசாலை வடக்கின் பனஞ்சாராயத்துக்கு அடையாளமானது. போர் அதைச் சிதைத்தது. பதுங்குகுழிகளுக்காக எண்ணற்ற பனைகளும் தறிக்கப்பட்டன.

திக்கம் மன்னாரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. காலையில் இறக்கிய கள்ளை அவ்வளவு தூரம் கொண்டுசெல்வது வீண். தீவிலேயே சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சிறிய வடிசாலை இருப்பதே இத்தொழிலின் இயல்புக்குப் பொருந்தும். அதற்கு மரங்களும் வேண்டும்: விதைத்த பனை பூப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும். இரண்டின் பாளையும் கள் தரும்.