நாஸும் நாசமும்

2021 ஆடி மாதம். பூனாவிலிருந்து மகன் போனில் பேசினான். "அப்பா, பேசாம வீட்ல ஒரு நாஸ் வச்சிடுங்க" என்றான். என் காதில் நாசம் என்று விழுந்தது. "அதுதான் ஏற்கெனவே ஆயிடுச்சேடா" என்றேன்.

ஆகித்தான் இருந்தது. என் மனைவி 2019-ல் காலமானாள். அதற்கு முந்தைய இரண்டு வருஷம் பேரனுக்கு ராத்திரியில் போனில் கதை சொல்வாள். அவன் அங்கே அதைப் பதிவு செய்து வைத்திருந்தான். லீவுக்கு வந்தபோது எல்லாவற்றையும் என் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு, தன் போனில் இடமில்லை என்று அழித்துவிட்டான். மொத்தம் 41 கதைகள். 2016 மகாமகத்துக்கு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்த உறவுக் கூட்டத்தின் படங்களும் அதே டிஸ்க்கில்தான். ஒரு நாள் காலை செருகினேன். உள்ளே சுவர்க்கடிகாரம் மாதிரி டக், டக் என்று சத்தம். அப்படி ஒரு டிஸ்க் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

சென்னையில் ஒரு கடைக்கு அனுப்பினோம். தூசு புகாத அறையில் பிரித்து, பழுதான பாகத்தை மாற்றி, உள்ளே இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்றரை மாதப் பென்ஷன் போயிற்று. 38 கதைகள் திரும்பி வந்தன. மூன்று வரவில்லை.

இதில் எனக்குப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. நான் முப்பத்தைந்து வருஷம் பேங்கில் வேலை பார்த்தவன். ரங்கராஜன் கமிட்டி 1984-ல் அறிக்கை கொடுத்த பிறகு, கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது உங்களில் பேங்க்காரர்களுக்கு நினைவிருக்கும். அன்று முதல் சாயங்காலம் கணக்கு முடிந்ததும் பிளாப்பியில் நகல் எடுப்பது என் வேலை. திங்கள், செவ்வாய் என்று கிழமைக்கு ஒரு செட், வாரத்துக்கு ஒரு செட், மாதத்துக்கு ஒரு செட். இந்த முறைக்கு அந்தத் துறையிலேயே தாத்தா, அப்பா, மகன் என்றுதான் பெயர். இன்றைய நகல் கெட்டால் நேற்றையது, அதுவும் கெட்டால் போன வாரத்தது. ஒரு செட் ஸ்ட்ராங் ரூமில் இருக்கும். இன்னொரு செட்டைப் பியூன் சைக்கிளில் பக்கத்துக் கிளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஐப்பசி மழையில் அவர் குடையைத் தனக்குப் பிடிக்காமல் பிளாப்பி டப்பாவுக்குப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ஊரார் பணத்துக்கு இவ்வளவு செய்தேன். பெண்டாட்டி குரலுக்கு ஒரே ஒரு டிஸ்க்.

சரி, நாஸ் என்பது என்ன? ஹார்ட் டிஸ்க்கை ஒரு கம்ப்யூட்டரோடு கட்டிவைக்காமல், வீட்டு இன்டர்நெட் ரௌட்டரோடு கேபிளில் இணைத்த தனிப் பெட்டியில் வைப்பது. போன், லேப்டாப், டிவி எதிலிருந்தும் அதில் போடலாம், எடுக்கலாம். கூடத்தில் இருக்கும் பொது அலமாரி மாதிரி. உள்ளே இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் எழுதப்படும்படி செய்யலாம் என்று மகன் சொன்னதுதான் என்னைப் பிடித்தது.

ஹார்ட் டிஸ்க்கின் பூர்வோத்தரத்தை அப்போதுதான் தேடிப் படித்தேன். முதல் டிஸ்க்கை ஐபிஎம் கம்பெனி 1956-ல் கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் சான் ஹோசே என்ற ஊரில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் செய்தார்கள். இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பதை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்த யந்திரம். எடை ஒரு டன் அளவில். அதில் பிடித்தது 50 லட்சம் எழுத்து. இன்றைய போனில் எடுக்கும் ஒரு படத்துக்கு அது பல சமயம் போதாது. தட்டு இன்றும் சுற்றத்தான் செய்கிறது. படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமயிர் கனத்தைவிட எத்தனையோ மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. இதைப் படித்ததும், ஏன் கெட்டது என்ற கேள்வி போய், இத்தனை நாள் எப்படி ஓடியது என்ற ஆச்சரியம் வந்துவிட்டது.

கெடும் என்பதை ஒப்புக்கொண்டு அதற்கேற்பக் கட்டியதுதான் அடுத்த கட்டம். பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும் 1988-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய யந்திரங்களுக்கான விலையுயர்ந்த ஒரே டிஸ்க்குக்குப் பதில், பெர்சனல் கம்ப்யூட்டருக்கான மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டாக வைத்தால் என்ன என்று கேட்டார்கள். கூட்டத்தில் ஒன்று அடிக்கடி சாகும்; செத்தாலும் கணக்கு நிற்கும்படி செய்யலாம் என்று காட்டினார்கள். அந்தக் கூட்டு முறைக்கு ரெய்டு என்று பெயர் வைத்தார்கள். அதில் முதல் வகை கண்ணாடி: இரண்டு டிஸ்க்கில் ஒரே சங்கதி. இது அவர்களுக்கு முன்பே வழக்கத்தில் இருந்ததுதான். மற்ற வகைகளை நம் லெட்ஜரை வைத்துச் சொல்லலாம். மூன்று தொகையும் அவற்றின் கூட்டலும் எழுதியிருக்கிறது. நடுவில் ஒரு தொகையில் மசி கொட்டிவிட்டது. கூட்டலிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் அழிந்தது வந்துவிடும் அல்லவா? ஏறக்குறைய அதே வித்தை.

புதுப் பெட்டியின் விலையைப் பார்த்துவிட்டு, மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரையே நாஸ் ஆக்குவது என்று முடிவு செய்தேன். மாடியில் குடியிருக்கும் இன்ஜினியரிங் படிக்கும் பையன் துணைக்கு வந்தான். ஓப்பன் மீடியா வால்ட் என்று ஓர் இலவச மென்பொருள். ஜெர்மனிக்காரர் வோல்கர் தைலே 2011-ல் வெளியிட்டது. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து நிறுவ வேண்டும். இந்த மென்பொருள் தான் உட்கார ஒரு டிஸ்க்கைத் தனியாக எடுத்துக்கொள்ளும். அது தெரியாமல் புதிதாக வாங்கிய 4 டெராபைட் டிஸ்க் இரண்டில் ஒன்றில் நிறுவிவிட்டேன். "சார், கூடம் முழுக்க வாட்ச்மேனுக்குக் கொடுத்துட்டீங்க" என்றான் பையன். சின்னதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டு டிஸ்க்கும் ஒன்றுபோல் ஆவதற்கு ராத்திரி முழுக்க ஓடியது. நானும் தூங்கவில்லை.

மறுநாள் கரண்ட் போய் வந்ததும் நாஸைக் காணோம். பெட்டி அங்கேயே உறுமிக்கொண்டிருக்கிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை. விஷயம் என்னவென்றால், ரௌட்டர் வீட்டில் உள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு கதவு எண் கொடுக்கிறது. திரும்பக் கொடுக்கும்போது எண் மாறலாம். இன்ன பெட்டிக்கு இன்ன எண் என்று ரௌட்டரில் ஒரு தடவை நிலையாக எழுதிவைத்தால் தீர்ந்தது. கையோடு ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு பாதியில் நிற்கும்.

விண்டோஸ் லேப்டாப்பும் லினக்ஸ் பெட்டியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பையனைக் கேட்டேன். சாம்பா என்றான். பிரேசில் நாட்டு நடனமல்லவா? ஆனால் இதன் கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. கோப்புகளைப் பகிரும் பாஷை ஒன்றை ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். எஸ்எம்பி என்று பெயர். விண்டோஸ் அதைத்தான் பேசும். 1991 டிசம்பரில் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தன் பெர்சனல் கம்ப்யூட்டரைப் பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் யந்திரத்தோடு சேர்க்க விரும்பினார். அந்தப் பாஷைக்கு அவரிடம் அகராதியோ இலக்கணமோ கிடையாது. இரண்டு யந்திரங்கள் கம்பியில் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டே கற்றுக்கொண்டார். பிற்பாடு அவரே இதை ஒரு பிரெஞ்சு காப்பிக்கடைக்கு ஒப்பிட்டார்: பிரெஞ்சு தெரியாதவன் கடையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னதும் சர்வர் எதைக் கொண்டுவந்து வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் பாஷை வந்துவிடும். நம் ஊரில் வட்டிக்கடை வைத்த சேட்டுகள் தமிழ் கற்றது வேறெப்படி? பெயரும் வேடிக்கைதான். முதலில் வைத்த பெயருக்கு வேறொரு கம்பெனி உரிமை கொண்டாடியதால், எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கம்ப்யூட்டர் அகராதியில் தேடினார். வந்தவற்றில் சாம்பா ஒன்று.

புரட்டாசிக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. 38 கதைகளும் இரண்டு டிஸ்க்கிலும் இருந்தன. இரட்டைப் பூட்டு என்று நிம்மதியானேன். தீபாவளிக்குத் திருச்சியில் தங்கை வீட்டுக்குப் போகும்போது, அவள் மருமகளுக்குப் படங்கள் வேண்டும் என்றதால் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்துப் போய், அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன். பாதுகாப்பு என்று நினைத்து வைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

மார்கழியில் பரணைக் குடைந்தபோது ஒரு கேசட் அகப்பட்டது. 1986-ல் எங்கள் மூத்தவளின் ஆண்டு நிறைவன்று என் மனைவி பாடியது. நாடா அங்கங்கே பூஞ்சை பிடித்திருந்தது. பழைய டேப் ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, நாலு பாட்டையும் ஒரே ஓட்டத்தில் ஏற்றி, கதைகள் இருந்த ஃபோல்டரிலேயே வைத்தேன்.

போகி வந்தது. வீட்டைச் சுத்தம் செய்த கையோடு கம்ப்யூட்டரையும் செய்வோமே என்று உட்கார்ந்தேன். ஒரே ஃபோல்டர் இரண்டு இடத்தில் தெரிந்தது. ஒன்று லேப்டாப்பில் தங்கிப்போன பழைய நகல் என்று நினைத்து அழித்தேன். அது லேப்டாப்பில் இல்லை, நாஸில் இருந்தது. மற்றது அதற்கே போன குறுக்குவழி. ரீசைக்கிள் பின்னில் தேடினேன், காலி. நெட்வொர்க் வழியாக அழிப்பது அங்கே வருவதில்லை, நேரே போய்விடுகிறது. சாம்பாவிலேயே தனியாக ஒரு குப்பைத்தொட்டி வசதி உண்டாம். நான் அதைப் போட்டுவைக்கவில்லை. அப்புறம் இரண்டாவது டிஸ்க்கைப் பார்த்தேன். அதிலும் இல்லை. கண்ணாடி தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. நான் அழித்த அதே நொடியில் அதுவும் அழித்திருந்தது.

ரெய்டு, டிஸ்க் சாவதற்கு மட்டும்தான் மருந்து. கை தவறுதல், இடி, திருட்டு, வெள்ளம் எதற்கும் அல்ல. பேங்கில் எந்த ஆடிட்டரும் ஒரே ரூமில் இருக்கும் இரண்டு நகலை இரண்டு என்று எண்ணியதில்லை. தெரிந்திருந்தும் புதுச் சாமான் மோகத்தில் மறந்தேன்.

திருச்சிக்குப் போன் போட்டேன். தங்கை பீரோவைத் திறந்து, "இருக்குண்ணா, புடவைக்கு அடியில" என்றாள். அன்றே பஸ் ஏறினேன். 38 கதைகள் கிடைத்தன. கேசட் பாட்டு அதில் கிடையாது. அது தீபாவளிக்குப் பிறகு ஏற்றியது அல்லவா. வீட்டுக்கு வந்து கேசட்டை மறுபடி ஓட்டினேன். மூன்றாவது பாட்டு சரணத்தில் நாடா சிக்கிக்கொண்டது. எடுத்து நீவிச் சுற்றியும், அந்த இடம் இப்போது இழுத்துக்கொண்டு அழுகிறது. முதல் தடவை நன்றாகத்தான் வந்திருந்தது.

உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உ.வே.சா. 1880 முதல் இந்தக் கும்பகோணம் காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே சிந்தாமணிப் பதிப்புக்கு உழைத்தாரே, எதற்காக ஊர் ஊராக ஏடு தேடினார்? ஒருவர் ஏட்டில் செல்லரித்த இடம் இன்னொருவர் ஏட்டில் பிழைத்திருக்கும் என்பதால்தான். ஒரே மடத்தில் பத்துப் பிரதி இருந்து, அந்த மடம் தீப்பற்றினால் பத்தும் ஒன்றுதான்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய விதி ஒன்று இருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். நான் இப்போது செய்வது இதுதான். நாஸில் இரட்டை டிஸ்க். குப்பைத்தொட்டி வசதி போட்டாயிற்று. தங்கை வீட்டில் சின்னப் பெட்டி ஒன்று. வெள்ளிக்கிழமை ராத்திரி இங்கிருந்து அங்கே தானாக நகல் போகும். ஆர்சிங்க் என்ற புரோகிராம். அதே டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்பவரோடு சேர்ந்து 1996-ல் வெளியிட்டது. முழுக் கோப்பையும் திரும்ப அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். டயல்-அப் காலத்துச் சிக்கனம், என் இன்டர்நெட் பிளானுக்கும் ஒத்துவருகிறது. இங்கே அழித்தது அங்கே உடனே அழியாதபடி, பழைய நகல்களை மூன்று மாதம் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். தாத்தா, அப்பா, மகன். மூன்றாவதாக, மாதம் ஒரு டிஸ்க்கில் எடுத்து பேங்க் லாக்கரில். அதற்கு ரிஜிஸ்டரும் உண்டு. ஒரு லாங் சைஸ் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுகிறேன். மகன் அதைப் பார்த்துவிட்டு மேலதிகாரி கையெழுத்து எங்கே என்று கேலி செய்தான்.

போன மாதம் தங்கை பேசினாள். மத்தியானம் பொழுது போகாமல் அங்கிருந்த பெட்டியில் கதைகளைக் கேட்டாளாம். "அண்ணா, குரங்கும் முதலையும் கதையில அண்ணி பாதியில நிறுத்தி, உன்னைக் காப்பி போடச் சொல்றாங்க. நீ போட்டியா இல்லையா, அதுல வரல" என்றாள். போட்டேனா என்று எனக்கும் நினைவில்லை.