அந்த போனில் இந்த சிஸ்டம் ஓடுமா?



போன வாரம் என் பழைய போனை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது, பேட்டரியும் ஒரு நாள் முழுக்கத் தாங்குகிறது. ஆனால் கம்பெனிக்காரர்கள் அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் பல ஆப்கள் ஏற மறுக்கின்றன. ரிப்பேர் கடை வைத்திருப்பவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன்தான். (பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான்.) "இதை அழித்துவிட்டு வேறு கம்பெனி சிஸ்டத்தைப் போட்டுக் கொடுப்பா" என்றேன். "முடியாது சார், அந்தந்த போனில் அந்தந்த சிஸ்டம்தான் ஓடும்" என்றான்.

நாலு நாள் உட்கார்ந்து தேடிப் படித்தேன். அவன் பதிலுக்குப் பாதி மதிப்பெண்தான் போட முடியும்.

2007 ஜூனில் அமெரிக்காவில் ஆப்பிளின் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது. 2008 அக்டோபரில் கூகுளின் ஆண்ட்ராய்டு கொண்ட முதல் போன் வந்தது. அதைச் செய்து கொடுத்தது தைவானின் எச்டிசி. போகப்போக உலகம் இரண்டு கட்சியானது. ஆனால் 2010 ஏப்ரலில் டேவிட் வாங் என்பவர் ஒரு வீடியோ போட்டார். அதே முதல் ஐபோன், அதற்குள்ளே ஆண்ட்ராய்டு! பாட்டு பாடுகிறது, குறுஞ்செய்தி வருகிறது, போன் அடிக்கிறது, எடுத்துப் பேசுகிறார். ஆப்பிளின் சொந்த சிஸ்டமும் அதிலேயே பத்திரமாக இருக்கிறது. எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்து ஆன் செய்துகொள்ளலாம்.

எப்படி முடிந்தது? நம் பள்ளிக்கூடத்தை வைத்தே சொல்கிறேன். இயங்குதளம் என்பது தலைமையாசிரியர். புதியவர் வந்தால் வாசலில் வாட்ச்மேன் மாறுதல் ஆணையைக் கேட்பார், கையெழுத்து சரியாக இருந்தால்தான் கதவு திறக்கும். போனில் அந்த வாட்ச்மேனுக்குப் பெயர் பூட்லோடர். உள்ளே வந்த பிறகும் வேலை நடக்க வேண்டுமே? மணி அடிப்பது யார், ஆய்வகச் சாவி எங்கே என்று தெரிய வேண்டும். கேமரா, வைஃபை, திரை ஒவ்வொன்றையும் வேலை வாங்கும் முறைதான் டிரைவர் என்னும் சிறு புரோகிராம்கள். மொழிப் பிரச்சினை மட்டும் இல்லை. ஐபோனின் சிப்பும் ஆண்ட்ராய்டு போன்களின் சிப்பும் ஏஆர்எம் என்ற ஒரே குடும்பம். ஆண்ட்ராய்டின் மூல நிரலும் எல்லோருக்கும் திறந்தே இருந்தது. வாட்ச்மேனைத் தாண்டியதும், டிரைவர்களை ஒவ்வொன்றாக எழுதியதும்தான் வாங் பட்ட பாடு.

எனக்கு மிகவும் பிடித்த கதை எச்டிசி எச்டி2 என்ற போனுடையது. 2009 இறுதியில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மொபைல் 6.5-உடன் வந்தது. ஆர்வலர்கள் அதில் முதலில் மெமரி கார்டிலிருந்து ஆண்ட்ராய்டை ஓட்டினார்கள். பிறகு போனுக்குள்ளேயே குடியேற்றினார்கள். அப்புறம் விண்டோஸ் போன் 7, உபுண்டு என்று வரிசை கட்டி வந்தன. கம்பெனி மறந்துபோன பிறகும் பல வருடம் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். புண்ணியவான்கள்!

ஆப்பிள் பக்கம் பூட்டு இறுகிக்கொண்டே போனது. 2019 செப்டம்பரில் 'செக்மேட்' என்ற ஓட்டை வெளியானது. ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரை சிப்பிலேயே பொறிக்கப்பட்ட பிழை அது, எந்த அப்டேட்டாலும் அடைக்க முடியாது. அதைப் பயன்படுத்தி 2020 மார்ச்சில் கோரீலியம் என்ற நிறுவனம் ஐபோன் 7-இல் ஆண்ட்ராய்டை ஓட்டிக் காட்டியது. அதன் நிறுவனர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே டேவிட் வாங்! ஆனால் பத்து வருடத்தில் நிலைமை தலைகீழ். 2010-இல் பேச முடிந்தது, 2020-இல் கேமராவும் இல்லை, அழைப்பும் இல்லை. அணைத்துப் போட்டால் பழைய சிஸ்டமே திரும்பி வந்துவிடும்.

எதிர்த்திசையில், ஆண்ட்ராய்டு கருவிக்குள் ஆப்பிளின் சிஸ்டத்தைக் கொண்டுவருவது இன்னும் கடினம், அதன் நிரல் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது. 2014-இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றில் ஐபோன் ஆப்களை ஓட்டினார்கள். ஆப்கள் மட்டும்தான், முழு சிஸ்டம் அல்ல.

ஆக, இயந்திரத்தால் முடியாது என்பது ஒன்று, உடையவன் விடமாட்டான் என்பது வேறு. கடைக்காரப் பையன் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டான். பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருட்டுப் போனை அழித்து விற்பதைத் தடுப்பதும் அந்தப் பூட்டுதான். ஆனால் இனி அப்டேட் கிடையாது என்று கைகழுவும் நாளிலாவது, காசு கொடுத்து வாங்கியவனிடம் சாவியைக் கொடுத்துவிடக் கூடாதா? எத்தனை நல்ல போன்கள் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன!

நேற்று மறுபடி கடைக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டே போனின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டான். பூட்லோடர் திறக்கிற ரகமா என்று பார்த்துச் சொல்வதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறான்.