கார் பார்க்கிங் தரைக்கு எபாக்ஸி கோட்டிங்: எத்தனை வருடம் தாங்கும்? சீக்கிரம் உரிவது ஏன்?

கண்ணாடி மாதிரி பளபளன்னு மின்னும் தரை. மருந்து கம்பெனிகளிலும் கார் ஷோரூம்களிலும் பார்த்த எபாக்ஸி கோட்டிங் இப்போது வீட்டு கார் பார்க்கிங்குக்கும் வந்துவிட்டது. போட்ட புதிதில் எல்லாமே அழகுதான். ஆனால் சில வீடுகளில் இரண்டு மழைக்காலம் தாண்டியதும் டயர் நிற்கும் இடத்தில் அப்பளம் மாதிரி உரிகிறது. வேறு சில வீடுகளில் பத்து வருடம் ஆனாலும் அசையாமல் இருக்கிறது. என்ன வித்தியாசம்?

எபாக்ஸி என்பது பெயின்ட்தானே?

பெயின்ட் மாதிரி தெரிந்தாலும் வேலை செய்யும் விதம் வேறு. ரெசின், ஹார்டனர் என்று இரண்டு டப்பாவாக வரும். இரண்டையும் கலந்ததும் ரசாயன வினை தொடங்கி, கெட்டியான பிளாஸ்டிக்காக இறுகிவிடும். சீக்கிரம் இறுகட்டும்னு ஹார்டனரை கண்ணளவில் கூடுதலாக ஊற்றுவது பெரிய தப்பு. அளவு மாறினால் அந்த இடம் பிசுபிசுன்னே நின்றுவிடும்.

சரியாக இறுகிய எபாக்ஸி ஒரு வீட்டு காரின் ஓட்டத்தில் முழுதாகத் தேய்ந்து போவது அபூர்வம். பெரும்பாலும் கெட்டுப்போவது கோட்டிங் அல்ல, கோட்டிங்குக்கும் தரைக்கும் இடையே உள்ள பிடிமானம். எனவே ஆயுளைத் தீர்மானிப்பது டப்பாவைத் திறப்பதற்கு முன்பு நடக்கும் வேலைதான்.

முதல் எதிரி ஓதம்

மேலே காய்ந்து தெரியும் காங்கிரீட் உள்ளே காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. மண்ணில் இருக்கும் ஈரம் நுண்துளைகள் வழியே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மேலே மூடியில்லாத வரை அது ஆவியாகிப் போய்விடும். எபாக்ஸி போட்டு மூடினால் போக வழியில்லாமல் கோட்டிங்கை அடியிலிருந்து தள்ளும். கொப்புளம் வரும், பிறகு உரியும். காங்கிரீட் போடும்போது அடியில் பாலிதீன் ஷீட் விரிக்காத பழைய வீடுகளிலும், வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி தாழ்வான பகுதிகளிலும் இந்த ஆபத்து அதிகம்.

இதைச் சோதிக்க பெரிய கருவி வேண்டாம். 18 அங்குல சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை தரையில் வைத்து, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஓதம் இருக்கிறது. மே மாத வெயிலில் பாஸ் ஆகும் தரை நவம்பரில் ஃபெயில் ஆகலாம். அதனால் மழைக்காலத்தில் ஒருமுறை சோதித்துவிட்டு, கோட்டிங்கை காய்ந்த நாட்களில் போடுவதுதான் புத்திசாலித்தனம். காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் போட்டால் மேலே வெள்ளையாக வழவழன்னு ஒரு படலம் வரலாம். அதை எடுக்காமல் அடுத்த கோட் அடித்தால் ஒட்டாது.

ஓதம் தெளிவாகத் தெரிகிற தரைக்கு சாதாரண எபாக்ஸியே வேண்டாம். பார்க்கிங் டைல்ஸ் அல்லது கடப்பா கல் போடுவது மேல்.

கிரைண்டிங்கை தவிர்த்தால் என்ன ஆகும்?

காங்கிரீட்டின் மேல்பரப்பில் சிமெண்ட் பால் காய்ந்து ஒரு பலவீனமான ஏடு இருக்கும். எபாக்ஸி அந்த ஏட்டைத்தான் பிடிக்கும். ஏடு பெயர்ந்தால் கோட்டிங்கும் பெயரும். டைமண்ட் கிரைண்டர் வைத்து அதை எடுத்து, தரையை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக்கி, தூசியை வாக்யூமில் உறிஞ்ச வேண்டும். ஆசிட் ஊற்றி கழுவுவது மலிவான வழி. ஆனால் ஆயில் கறை மேல் ஆசிட் வேலை செய்யாது, மிச்ச ஆசிட்டை சரியாக அலசாவிட்டால் அதுவே பிடிமானத்தைக் கெடுக்கும். தயாரான தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்து முத்தாக நின்றால் வேலை முடியவில்லை. புதிதாகப் போட்ட காங்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் பொறுக்க வேண்டும்.

மைக்ரான் கணக்கு

கொட்டேஷனில் பலரும் சதுர அடி ரேட்டை மட்டும் பார்க்கிறார்கள். தடிமனைக் கேட்பதில்லை. 1 லிட்டரை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரமாக 100 மைக்ரான் இருக்கும். அதில் பாதி தண்ணீர் என்றால் காய்ந்த பிறகு மிஞ்சுவது 50 மைக்ரான்தான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். தண்ணீர் கலந்த மெல்லிய கிட்டும், தண்ணீரோ தின்னரோ இல்லாத 100 சதவீத சாலிட் எபாக்ஸியும் ஒரே பெயரில் விற்கப்படுவதால்தான் ஆயுளில் இவ்வளவு வித்தியாசம்.

டயர் இடத்தில் மட்டும் உரிவது ஏன்?

வெயிலில் ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் சுமாரான கோட்டிங் லேசாக இளகி டயரில் ஒட்டும். ஆறும்போது டயர் சுருங்கி அதை இழுக்கும். மறுநாள் வண்டியை எடுத்தால் ஒரு துண்டு கூடவே வரும். போட்டு 24 மணி நேரத்தில் நடக்கலாம் என்பதற்காக காரையும் ஏற்றக்கூடாது. தயாரிப்பைப் பொறுத்து 3 முதல் 7 நாள் வரை காத்திருக்க வேண்டும்.

போர்ட்டிகோவில் வெயில் படும் பகுதி மட்டும் மஞ்சளாகும், பளபளப்பு போகும். இது எபாக்ஸியின் இயல்பு. மேலே வெயில் தாங்கும் பாலியூரித்தேன் டாப் கோட் அடித்தால் இது வெகுவாகக் குறையும். மழையில் நனைந்தால் வழுக்கும் என்பதால், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் சிலிக்கா மணல் தூவிய ஃபினிஷ் கேட்பது நல்லது.

நம்ம ஊர் வீடுகளில் காரைவிட பைக்தான் அதிக சேதம் செய்கிறது. சைடு ஸ்டாண்ட் ஒரே புள்ளியில் குத்துவதால் அங்கே சில்லு பெயரும். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்தால் போதும். டயரில் வரும் மணலையும் அடிக்கடி பெருக்கிவிட வேண்டும், அதுதான் பளபளப்பைக் கீறுகிறது.

வாரண்டி கார்டில் வருடக் கணக்கு பெரிதாக இருக்கும். ஓதத்தால் உரிவதும், டயர் சூட்டில் உரிவதும் அதில் அடங்குமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.